தோட்டத்துச் சாலைக்கு ஸ்போர்ட் ரிம்: அளவும் ஆஃப்செட்டும் பார்த்து வாங்கும் முறை

ரிம் மாற்றப் போகிறவர் முதலில் பார்ப்பது டிசைனை. கடைக்காரர் முதலில் சொல்வது, "மாட்டலாம் தம்பி, ஒண்ணும் பிரச்சனை இல்ல." மாட்டத்தான் முடியும். கடையின் சிமெண்டுத் தரையில் ஆளில்லாமல் நிற்கும் காரில் எந்த ரிம்மும் பொருந்தியதுபோலத்தான் தெரியும். பின் சீட்டில் மூன்று பேர் ஏறி, பூட்டில் அரிசி மூட்டையும் வைத்து, செம்பனைக் குலை ஏற்றிய லாரி தோண்டிவிட்டுப் போன பள்ளத்தில் இறங்கும்போதுதான் டயர் மட்கார்டில் உரசும் சத்தம் வரும்.

சிலாங்கூரில் உள்ள பெஸ்தாரி ஜெயாவை இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்றே சொல்லிக்கொண்டிருக்கிறோம். அதைப் போன்ற தோட்டத்து ஊர்களில் ஒரே கார் இரண்டு வகைச் சாலையில் ஓட வேண்டியிருக்கிறது. வேலைக்குப் போகும்போது நெடுஞ்சாலை, வீடு திரும்பும்போது லாரித் தடம் பதிந்த தோட்டத்துச் சாலை. ரிம் அளவை முடிவு செய்ய வேண்டியது இந்த இரண்டாவது சாலைதான். கீழே சொல்வதெல்லாம் அதை மனத்தில் வைத்துத்தான்.

இப்போது இருப்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்

ஒரு தாள் எடுங்கள். டயரின் பக்கச் சுவரில் உள்ள அளவை அப்படியே எழுதுங்கள். 185/55/15 என்றால் அகலம் 185 மி.மீ., பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் 55 விழுக்காடு, ரிம் 15 அங்குலம். அதன் பக்கத்தில் இருக்கும் 82 போன்ற எண்ணையும் எழுதுங்கள். அது சுமை எண், பின்னால் வேண்டும். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும், டயர் அளவும் காற்றழுத்தமும் எழுதிய தாளைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பிறகு ஒரு சக்கரத்தைக் கழற்றி ரிம்மின் பின்பக்கத்தைத் துணியால் துடைத்துப் பாருங்கள். 15×6ஜே என்பதுபோல ஒன்றும், ஈடி45 அல்லது வெறும் 45 என்று ஒன்றும் அச்சாகியிருக்கும். 15 அங்குல விட்டம், 6 அங்குல அகலம், ஆஃப்செட் 45 மி.மீ. என்று பொருள். ஆஃப்செட் என்றால் என்ன என்பது கீழே வருகிறது. அகலம் என்பது டயர் உட்காரும் இரு விளிம்புகளுக்கு நடுவே அளப்பது. வெளிப்புறமாக அளந்தால் ஏறத்தாழ ஓர் அங்குலம் கூடுதலாக வரும். இதைக் குழப்பிக்கொண்டு 6 அங்குல ரிம்மை 7 என்று விற்பவர்களும் உண்டு, வாங்குபவர்களும் உண்டு.

ஓட்டைகள்: இதில் கிட்டத்தட்ட என்ற பேச்சே கிடையாது

நட் ஓட்டைகளின் நடுப்புள்ளிகளைச் சேர்த்து ஒரு வட்டம் வரைந்தால், அந்த வட்டத்தின் விட்டம்தான் பிசிடி. மைவி, ஆக்சியா, வியோஸ், சிட்டி கார்கள் எல்லாம் பல ஆண்டுகளாக 4×100தான், அதாவது நான்கு ஓட்டை, 100 மி.மீ. வட்டம். சிவிக் 5×114.3. நான்கு ஓட்டை ரிம்மை அளப்பது எளிது: எதிரெதிர் ஓட்டைகளின் நடுவிலிருந்து நடுவுக்கு டேப் பிடித்தால் போதும். ஐந்து ஓட்டை என்றால் ஓர் ஓட்டையின் நடுவிலிருந்து, பக்கத்து ஓட்டையை விட்டுவிட்டு அடுத்த ஓட்டையின் நடுவரை அளந்து, அதை 0.951ஆல் வகுக்க வேண்டும். 108.7 மி.மீ. வந்தால் அது 114.3.

பழைய ரிம் கடைகளில் 5×112 ரிம்மை 5×114.3 காரில் மாட்டித் தருவதாகச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். வேறுபாடு 2.3 மி.மீ.தான், நட்டை இறுக்கினால் ஏறிவிடும். ஆனால் போல்ட் ஒவ்வொன்றும் சற்றே வளைந்த நிலையில் நிற்கும், நட் தன் குழியில் ஒரு பக்கம் மட்டுமே அமரும். ஓட ஓடத் தளரும். எட்டு ஓட்டை ரிம்களில் 4×100, 4×114.3 இரண்டும் இருக்கும். அதில் தவறில்லை, உங்கள் நான்கு ஓட்டை எவை என்று தெரிந்தால் போதும்.

நடு ஓட்டையும் நட்டும்

ரிம்மின் நடு ஓட்டை காரின் ஹப் மேல், அதாவது சக்கரம் மாட்டும் அச்சு முனையின் மேல், உட்கார வேண்டும். மைவி, வியோஸ் ஹப் 54.1 மி.மீ.; சிட்டி 56.1, புதிய சிவிக் 64.1. வெளியில் விற்கும் ரிம்கள் பல கார்களுக்குப் பொருந்துவதற்காகப் பெரும்பாலும் 67.1 அல்லது 73.1 என்று பெரிதாகவே வரும். நடுவில் மிஞ்சும் இடைவெளியை ஹப் ரிங் போட்டு நிரப்ப வேண்டும். ரிங் வாங்கும்போது இரண்டு எண்ணையும் சொல்லுங்கள்: வெளியே 73.1, உள்ளே 54.1. ரிங் இல்லாமலும் ஓடும், ஆனால் ரிம் மயிரிழை விலகி உட்கார்ந்தாலே 80, 90 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கும். எத்தனை தடவை பேலன்சிங் செய்தாலும் போகாது. ஹப் 54.1ஐ விட ரிம்மின் ஓட்டை சிறியதாக இருந்தால் அந்த ரிம் உங்களுக்கானது அல்ல.

நட் விஷயத்தில் இரண்டைப் பார்க்க வேண்டும். ஒன்று புரி. பெரோடுவா, புரோட்டோன், டொயோட்டா, ஹோண்டா கார்களில் பொதுவாக 12 மி.மீ. போல்ட், 1.5 புரி (ஓர் இழைக்கும் அடுத்த இழைக்கும் நடுவே 1.5 மி.மீ.). நிசானிலும் சுசுக்கியிலும் 12 மி.மீ., 1.25 புரி. பக்கத்து வீட்டு நிசான் அல்மேராவில் கழற்றிய நட் மைவியில் இரண்டு சுற்று ஏறிப் பிறகு அடம்பிடிக்கும். அங்கே நட் இறுக்கும் காற்றுத் துப்பாக்கி வைத்து அடித்தால் போல்ட்டின் புரி நாசம். முதல் சுற்றுகளைக் கையால் ஏற்றினால் இது நடக்கவே நடக்காது.

மற்றது நட் உட்காரும் வடிவம். ஹோண்டாவின் அசல் நட் அடிப்பக்கம் உருண்டை. டொயோட்டாவின் அசல் அலாய் நட் தட்டை, வாஷரோடு வரும். கடையில் வாங்கும் ரிம்மின் குழி பெரும்பாலும் 60 பாகைக் கூம்பு. உருண்டை நட்டைக் கூம்புக் குழியில் போட்டால் ஒரு மெல்லிய கோட்டில் மட்டுமே தொட்டுக்கொண்டிருக்கும். இறுக்கியதுபோல இருந்து இளகிவிடும். ரிம் வாங்கும்போது கூம்பு நட்டும் சேர்த்து வாங்குங்கள். 1.5 புரியில் நட் குறைந்தது எட்டுச் சுற்று போல்ட்டில் ஏற வேண்டும். ரிம்மை வெளியே தள்ளுவதற்காக ஸ்பேசர் தகடு போடுவதை நாங்கள் ஏற்காததற்கு இதுதான் முதல் காரணம்: தகட்டின் தடிப்பு அத்தனையும் நட்டின் பிடியிலிருந்து போகிறது.

ஆஃப்செட்: ஐந்து நிமிடக் கணக்கு

ரிம்மின் அகலத்தில் சரிபாதியாக ஒரு கோடு போடுங்கள். ஹப்பில் ஒட்டும் முகம் அந்தக் கோட்டிலிருந்து வெளிப்பக்கமாக எத்தனை மி.மீ. தள்ளியிருக்கிறதோ அதுதான் ஆஃப்செட். ஆகவே எண் கூடினால் சக்கரம் காருக்கு உள்ளே போகும், குறைந்தால் வெளியே வரும். புதியவர்கள் பலர் இதைத் தலைகீழாக நினைத்து வாங்கிவிடுகிறார்கள்.

ஆஃப்செட் மட்டும் தெரிந்தால் போதாது, அகலத்தையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். அகலத்தை மி.மீ. ஆக்கிப் பாதியாக்குங்கள். அதோடு ஆஃப்செட்டைக் கூட்டினால் உள்பக்க எல்லை, கழித்தால் வெளிப்பக்க எல்லை.

பழைய ரிம் 15×6, ஈடி45 என்று வைத்துக்கொள்வோம். 6 அங்குலம் 152.4 மி.மீ.; பாதி 76.2. உள்பக்கம் 76.2 + 45 = 121.2. வெளிப்பக்கம் 76.2 − 45 = 31.2.

கடைக்காரர் காட்டுவது 15×7, ஈடி35. 7 அங்குலம் 177.8, பாதி 88.9. உள்பக்கம் 123.9. வெளிப்பக்கம் 53.9.

ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துப் பாருங்கள். உள்ளே 2.7 மி.மீ. மட்டுமே நெருங்குகிறது, வெளியே 22.7 மி.மீ. வருகிறது. "ஆஃப்செட் பத்துதானே குறையுது" என்று சொன்ன ரிம், உண்மையில் ஒரு கட்டைவிரல் அகலத்துக்கு மேல் வெளியே வந்துவிட்டது. அதே காருக்கு 16×7, ஈடி42 எடுத்தால் உள்ளே 9.7 நெருங்கி, வெளியே 15.7 வரும். இதில் உரசுமா என்பது உங்கள் கார் தரும் இடத்தைப் பொறுத்தது. அந்த இடத்தை அளக்கும் முறை கீழே வருகிறது.

சக்கரம் வெளியே போகப் போக உரசல் மட்டும் பிரச்சனை அல்ல. சுமை பேரிங்கைவிட்டுத் தள்ளி விழுவதால் பேரிங் சீக்கிரம் ஊளையிட ஆரம்பிக்கும். முன் சக்கரத்தில் ஒரு பக்கம் மட்டும் பள்ளத்தில் இறங்கினால் ஸ்டீயரிங் கையிலிருந்து வெட்டி இழுக்கும். லாரித் தடம் பதிந்த தார்ச் சாலையில் கார் அந்தத் தடத்தின் போக்கிலேயே போகப் பார்க்கும். ஆலைக்குப் போகும் சாலையில் தினமும் ஓட்டுபவருக்கு இது பெரிய தொல்லை. அசல் எல்லையிலிருந்து வெளிப்பக்கம் 10 முதல் 15 மி.மீ.க்குள் நிறுத்திக்கொள்ளுங்கள் என்பதே எங்கள் ஆலோசனை.

பழைய ரிம்மில் எண் அழிந்திருந்தால் நீங்களே கண்டுபிடிக்கலாம். முகம் கீழே, முதுகு மேலே இருக்கும்படி ஒரு கோணிப்பை மேல் கிடத்துங்கள். முதுகின் இரு விளிம்பையும் தொடும்படி ஒரு நேரான இரும்புச் சட்டத்தைக் குறுக்கே வையுங்கள். சட்டத்தின் அடியிலிருந்து ஹப்பில் ஒட்டும் முகம்வரை நேராக அளங்கள். 140 மி.மீ. வருகிறது என்று வைப்போம். ரிம்மின் மொத்த வெளி அகலத்தையும் அளங்கள். 7 அங்குல ரிம்முக்கு அது 203 மி.மீ. அளவில் வரும். பாதி 101.5. 140 − 101.5 = 38.5. ஆக ஆஃப்செட் 38 அளவு.

டயர்: மொத்த உயரம் மாறக் கூடாது

ரிம் பெரிதானால் டயரின் பக்கச் சுவர் குறைந்து மொத்த உயரம் ஏறக்குறைய அதே அளவில் நிற்க வேண்டும். தயாரிப்பாளரே அப்படித்தான் செய்கிறார். 2017இல் வந்த மைவியில் 1.3 லிட்டர் வகைக்கு 175/65/14, 1.5 லிட்டருக்கு 185/55/15 கொடுத்தார்கள். முன்னது 583.1 மி.மீ., பின்னது 584.5. வேறுபாடு ஒன்றரை மி.மீ.கூட இல்லை.

கணக்கு இதுதான்: ரிம் அங்குலத்தை 25.4ஆல் பெருக்கி, அதோடு பக்கச் சுவரின் உயரத்தை இரண்டு முறை கூட்டுங்கள். 185/55/15ஐ அடிப்படையாக வைத்தால், 195/50/15 576 மி.மீ., ஒன்றரை விழுக்காடு குறைவு. 195/45/16 581.9, வேறுபாடே தெரியாது. 205/45/16 590.9, ஒரு விழுக்காடு கூடுதல். 205/40/17 595.8, கிட்டத்தட்ட இரண்டு விழுக்காடு கூடுதல். மீட்டர் ஒரே எண்ணைக் காட்டினாலும், பழைய டயரில் 110இல் ஓடிய கார் இப்போது 112இல் ஓடும். இரண்டு விழுக்காட்டைத் தாண்ட வேண்டாம்.

இனி இதே டயர்களின் பக்கச் சுவரைப் பாருங்கள். 185/55இல் 102 மி.மீ., 195/50இல் 97.5, 195/45இல் 88, 205/40இல் 82. குழியில் இறங்கும் அடியை முதலில் வாங்குவது இந்தச் சுவர்தான். இருபது மி.மீ. ரப்பர் குறைந்தால் அந்த அடி நேரே ரிம் விளிம்புக்குப் போகும். ஊருக்குள்ளும் தோட்டத்துக்குள்ளும் ஓடும் மைவிக்கும் புரோட்டோன் சகாவுக்கும் 15 அங்குலம்தான் சரி. அழகுக்காக 16 வரை போகலாம். 17 போட்டால் முதல் மழைக்காலத்திலேயே ஒரு ரிம்மாவது நெளிந்துவிடும். தண்ணீர் நிறைந்த பள்ளத்தின் ஆழம் யாருக்கும் தெரியாது. வெட்டிப் போட்ட செம்பனை மட்டையின் முள்ளும் உண்டு. தரையைத் தொடும் பகுதியில் குத்தினால் ஒட்டிவிடலாம், பக்கச் சுவரில் குத்தினால் டயரைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

டயருக்கு ஏற்ற ரிம் அகலமும் உண்டு. 185/55/15க்கு 5 முதல் 6.5 அங்குலம், 195/50/15க்கு 5.5 முதல் 7, 195/45/16க்கு 6 முதல் 7.5. அகல ரிம்மில் ஒல்லி டயரை இழுத்து மாட்டுவது சில இளைஞர்களுக்குப் பிடிக்கிறது. அதில் ரிம் விளிம்பு டயருக்கு வெளியே துருத்தி நிற்கும்; பள்ளத்தின் முதல் அடி அதற்குத்தான்.

சுமை எண்ணை மறக்காதீர்கள். 82 என்றால் ஒரு டயர் 475 கிலோ தாங்கும், 80 என்றால் 450, 84 என்றால் 500. 195/45/16இல் 80ம் கிடைக்கும், எக்ஸ்எல் (கூடுதல் சுமை) குறியுள்ள 84ம் கிடைக்கும். உங்கள் அசல் டயர் 82 என்றால் 80ஐ வாங்கக் கூடாது. எக்ஸ்எல் டயர் அந்தச் சுமையைத் தாங்கக் காற்றும் கூடுதலாக வேண்டும். வாங்கும் டயரின் வயதை நான்கு இலக்க எண்ணில் பாருங்கள்: 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் செய்தது.

காரில் எவ்வளவு இடம் இருக்கிறது

ரிம் வாங்கும் முன் செய்ய வேண்டிய வேலை இது. கடையில் யாரும் செய்து தர மாட்டார்கள். ஒரு முழ நூல், ஒரு கனமான நட், ஓர் அளவுகோல் போதும்.

காரைச் சமதரையில் நிறுத்தி, ஸ்டீயரிங்கை நேராக வையுங்கள். மட்கார்டின் வெளி விளிம்பில், சக்கரத்தின் உச்சிக்கு நேரே, நூலை ஒட்டுநாடாவால் ஒட்டி நட்டைக் கட்டித் தொங்கவிடுங்கள். கொத்தனார் தூக்குக்குண்டு பிடிப்பதுபோலத்தான். நூல் ஆடி நின்றபின், டயரின் மேல் பாதியில் நூலுக்கு மிக அருகே வரும் இடத்தில் இடைவெளியை அளங்கள். 20 மி.மீ. வந்தால், மேலே பார்த்த 15×7 ஈடி35 ரிம் வெளியே நீட்டிக்கொள்ளும் என்பது வாங்கும் முன்பே தெரிந்துவிடுகிறது. நான்கு சக்கரத்தையும் அளக்க வேண்டும். இடமும் வலமும் ஐந்தாறு மி.மீ. வேறுபடுவது சாதாரணம், எது குறைவோ அதுதான் உங்கள் கணக்கு.

உள்பக்கத்தில் முன் டயருக்கும் அதிர்வைத் தாங்கும் அப்சோபருக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பாருங்கள். புதிய டயர் வந்த பிறகும் அங்கே சுண்டுவிரல் நுழைய வேண்டும்.

பிரேக் தட்டைப் பிடிக்கும் காலிப்பருக்கு ஆரக்கால்களின் உள்பக்கம் இடிக்குமா என்பதை எந்த எண்ணும் சொல்லாது. ஒரே அகலம், ஒரே ஆஃப்செட் கொண்ட இரண்டு ரிம்மில் ஒன்று சுழலும், மற்றது இடிக்கும். ஆரக்காலின் வளைவுதான் காரணம். சப்பாத்தி மாவில் நெல்லிக்காய் அளவு உருண்டை எடுத்துக் காலிப்பரின் வெளி முகத்தில் அழுத்தி ஒட்டுங்கள். இன்னொன்றை அதன் மேல் விளிம்பில் ஒட்டுங்கள். டயர் மாட்டாத வெறும் ரிம்மை வைத்து இரண்டு நட் மட்டும் போட்டுக் கையால் மெதுவாக ஒரு சுற்று சுற்றுங்கள். கழற்றி, நசுங்கிய மாவின் தடிப்பை அளங்கள். 3 மி.மீ.க்குக் குறைந்தால் வேண்டாம். மேல் விளிம்பில் இன்னும் சற்றுக் கூடுதல் வேண்டும், ஏனென்றால் பேலன்சிங் செய்யும்போது ஒட்டும் எடைத் துண்டு அங்கேதான் வரும். இடம் போதாவிட்டால் முதல் சுற்றிலேயே காலிப்பர் அதைச் சுரண்டி எறிந்துவிடும்.

பழைய ரிம் வாங்குபவர்களுக்கு

உள் வளையத்தைத்தான் முதலில் பாருங்கள். முகம் பளபளப்பாக இருக்கும்படி யாரும் பெயிண்ட் அடித்துவிடலாம். உள்ளே ஓர் இடத்தில் மட்டும் புதிய பெயிண்ட், அல்லது புழு நெளிவதுபோன்ற வெல்டிங் தழும்பு இருந்தால் விரிசலை ஒட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். விலை எவ்வளவு குறைத்தாலும் வாங்காதீர்கள். நான்கையும் பேலன்சிங் இயந்திரத்தில் போட்டுச் சுழற்றச் சொல்லி, விளிம்பு மேலும் கீழும் ஆடுகிறதா என்று பக்கவாட்டிலிருந்து கவனியுங்கள். ஆரக்காலின் பின்னால் ஜேடபிள்யூஎல், விஐஏ என்ற முத்திரைகள் இருப்பது நல்லது. முன்னது ஜப்பானின் அலாய் ரிம் தரக் குறி, பின்னது அதைச் சோதித்துப் பார்த்ததற்கான குறி. போலி ரிம்மிலும் இவை இருக்கக்கூடும் என்பதால் முத்திரையை மட்டும் நம்பிவிட வேண்டாம்.

மாட்டிய பிறகு

ஹப்பின் முகத்தில் துருவைக் கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்து எடுத்துவிட்டுத்தான் ரிம்மை வைக்க வேண்டும். நட்டுகளைக் கையால் ஏற்றி, எதிரெதிராக இறுக்கி, முடிவில் இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சு வைக்கச் சொல்லுங்கள். டொயோட்டாவுக்கு 103 நியூட்டன் மீட்டர், ஹோண்டாவுக்கு 108. உங்கள் காருக்கு எவ்வளவு என்று கையேட்டில் இருக்கும். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி இறுக்கிப் பார்க்க வேண்டும். இதைத் தவறவிடாதீர்கள், புதிய ரிம்மின் குழியில் நட் படிந்து உட்காரும்போது கொஞ்சம் இளகும்.

அன்றைக்கே உரசல் சோதனையும் செய்துவிடுங்கள். மட்கார்டின் உள் மடிப்பிலும் சக்கரக் குழியின் பிளாஸ்டிக்கிலும் சாக்பீஸைத் தேய்த்துப் பூசுங்கள். பின்னால் மூன்று பேரை உட்காரவைத்து, வேகத்தடையில் மெல்ல ஏறி இறங்குங்கள். ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுக்க ஒடித்து முன்னும் பின்னும் ஓட்டுங்கள். இறங்கிப் பாருங்கள், சாக்பீஸ் அழிந்த இடமெல்லாம் டயர் தொட்ட இடம். மைவி, சகா போன்ற கார்களின் பின் அச்சு ஒரே துண்டு என்பதால் சுமை ஏறும்போது சக்கரம் உள்ளே சாயாமல் நேரே மேலே போகும். உரசல் பெரும்பாலும் பின் மட்கார்டில் தெரிவது அதனால்தான். மட்கார்டு மடிப்பைத் தட்டி உள்ளே மடக்கித் தருகிறேன் என்பார்கள். மடக்கும் இடத்தில் பெயிண்ட் வெடிக்கும், செம்மண் சேறு அதில் ஈரத்தோடு அப்பிக்கொள்ளும், ஒரு வருடத்தில் துருப் பிடிக்கும். ரிம்மை மாற்றுவதே மேல்.

டயர் மட்கார்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் சாலையில் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) நிறுத்தினால் சம்மன் வரும். கார் கை மாறும்போது நடக்கும் பி5 சோதனையிலும் சிக்கல். அசல் ரிம் நான்கையும் நட்டுகளையும் விற்றுவிடாமல் வைத்திருங்கள். ரிம் மாற்றியதைக் காப்புறுதி நிறுவனத்திடம் சொல்லி எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மழை நாளில் தோட்டத்துக்குள் போய்வந்த மறுநாள் நெடுஞ்சாலையில் 90ஐத் தொட்டதும் கார் நடுங்கினால் உடனே பேலன்சிங்குக்கு ஓடாதீர்கள். ரிம்மின் உள் வளையத்தில் ஒரு பக்கமாகச் செம்மண் காய்ந்து ஒட்டியிருக்கும். தண்ணீர்க் குழாயை ஆரக்கால்களுக்கு நடுவே விட்டுக் கழுவினாலே பாதி நேரம் நடுக்கம் போய்விடும். போகவில்லை என்றால் எடைத் துண்டு ஒன்று சேற்றோடு விழுந்திருக்கலாம். அப்போது கடைக்குப் போங்கள்.

கடைசியாக ஸ்பேர் டயர். அது அசல் இரும்பு ரிம்தான். புதிய நட் அதன் குழியில் சரியாக அமர்கிறதா என்று வீட்டு வாசலிலேயே ஒருமுறை மாட்டிப் பாருங்கள். அமரவில்லை என்றால் பழைய நட்டில் நான்கைப் பையில் போட்டு ஸ்பேர் டயருக்குள் வையுங்கள். புதிய நட்டைக் கழற்றத் தனிச் சாவி வேண்டும் என்றால் அந்தச் சாவியும் அதே பையில் இருக்கட்டும். இரவு பத்து மணிக்குச் செம்பனைக் காட்டுக்கு நடுவே டயர் வெடித்து, ஜாக்கும் ஸ்பேரும் இருந்து, சாவி வீட்டு மேசை இழுப்பறையில் இருந்தால் விடியும்வரை காரில்தான் உட்கார்ந்திருக்க வேண்டும்.